அபிப்பிராயம் இல்லாதவள் பேரனுக்குக் காதுகுத்து

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஸ்ரீமுக வருஷம், தை மாதம் 24, செவ்வாய்க்கிழமை

கிள்ளானில் குடியிருக்கும் என் ஒரே மகன் சிரஞ்சீவி பழனியப்பனுக்கு, பெற்ற தாய் பவுனம்மாள் உன் தலையைத் தடவி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். உன் தங்கை லெட்சுமி சுகம். மாப்பிள்ளை கன்னையா சுகம், ஆனால் கோபமாக இருக்கிறார். பேரன் சுகம், மேலே இரண்டும் கீழே இரண்டும் பல் முளைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறான். சிவப்புப் பசு மட்டும் மூன்று நாளாகச் சரியாகப் புல் தின்னவில்லை. அதற்கும் இந்தக் கட்சிச் சண்டைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என்னை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், அதனால் எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆள் வைத்து எழுதினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் காரியம். உன் மருமகனுக்கு, லெட்சுமி பிள்ளைக்கு, வருகிற மாசி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை காது குத்த வேண்டும். அதை விட்டால் வயது ஒன்று முடிவதற்குள் வேறு நாள் இல்லை என்று ஜோசியர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவனுக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான், உனக்குப் பின்னால் இன்னொருவனை நான் பெறவில்லை. இப்படியிருக்க நீ போன வாரம் என்ன எழுதினாய்? "அம்மா, நீங்கள் ஆட்டுக் கட்சியா பொங்கல் கட்சியா என்று தெளிவாகச் சொல்லும் வரை அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன்" என்று எழுதினாய். அதை உன் தங்கை சத்தமாக வாசித்தாள். வாசித்தது மாப்பிள்ளை காதில் விழுந்தது. அவர் சோற்றுக் கையோடு எழுந்து, "உங்க மகன் வந்தாலும் என் பிள்ளையை நான் அவர் மடியில குடுக்கப் போறதில்ல அத்தை, நீங்க நம்ம சங்கத்துப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். ஆக, குழந்தையின் காது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், அதுவும் உங்கள் ஆட்டுக் கட்சி அய்யாவு சொன்ன பாதி. முழுவதையும் நான் சொல்கிறேன், கேள்.

நம் ரயில்வே குவாட்டர்ஸ் கடைசியில் இருக்கும் முனியாண்டிக்கு வருஷா வருஷம் கிடாய் வெட்டிச் சுருட்டும் கள்ளும் வைப்பது நீ தவழ்கிற நாளிலிருந்து நடக்கிறது. இந்த வருஷம் விருத்தாசலம் வாத்தியார் நல்வழிச் சங்கத்தைக் கூட்டி, உயிர்ப்பலி காட்டுமிராண்டித்தனம், இனிமேல் முனிக்குச் சர்க்கரைப் பொங்கல்தான் என்று பேசினார். மாப்பிள்ளை அந்தச் சங்கத்துக்குக் காரியதரிசி. இதைக் கேட்ட அய்யாவு, ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, பொங்கல் தின்றால் முனி கோபித்து ரயிலைக் கவிழ்த்துவிடும் என்று எதிர்க்கூட்டம் போட்டான். நீ கிள்ளானிலிருந்து வந்து அந்தக் கூட்டத்தில் மேசை மேல் ஏறிப் பேசினாயாம். தாயைப் பார்க்க ரயில் கிடைக்காத பிள்ளைக்கு மேசை மேல் ஏற ரயில் கிடைத்திருக்கிறது. சரி, அதை இப்போது பேசவில்லை, நினைவில் மட்டும் வைத்திருக்கிறேன்.

பொங்கல்காரர்கள் வெள்ளிக்கிழமை காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பெரியவங்க ஆதரவு வேணும் என்றார்கள். அன்று என் வெற்றிலைப் பெட்டி காலி, பாசார் கடைத்தெருவுக்குப் போகவும் முடியவில்லை, வாய் சும்மா இருந்தது. கொழுந்து வெற்றிலையாக இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர்கள் கும்பிட்டுப் போனார்கள். சனிக்கிழமை ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் தட்டில் வெற்றிலையோடு களிப்பாக்கும் கிராம்பும் இருந்தது. நேற்று அவர்களுடையதை வாங்கி இன்று இவர்களுடையதை மறுத்தால் மரியாதையா? அதையும் வாங்கிக்கொண்டேன். வெற்றிலை வாங்கினால் சம்மதம் கொடுத்ததாகும் என்பது கல்யாணப் பேச்சில் எனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்தில் உன் மாமனார் தட்டை நீட்டியபோது நான் எவ்வளவு நேரம் கையை மடக்கி வைத்திருந்தேன் என்று உன் மாமியாரைக் கேட்டுப் பார். ஆனால் முனிக்கு என்ன சமைப்பது என்பதற்கும் அதே சட்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போன செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் இரண்டு கட்சியின் ஆதரவாளர் பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. பொங்கல் பட்டியலில் பதினாலாவது பெயர் ஸ்ரீமதி பவுனம்மாள். கிடாய்ப் பட்டியலில் ஒன்பதாவது பெயர் ஸ்ரீமதி பவுனம்மாள். மாப்பிள்ளை பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்து, "இது நீங்களா, இல்ல இந்த லைன்ல வேற ஒரு பவுனம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று முதல் குழாயடியில் பெண்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கிறார்கள். குழாய்க்கு இடது பக்கம் பொங்கல், வலது பக்கம் கிடாய், பக்கத்துக்கு ஒருத்தியாக மாற்றி மாற்றிக் குடம் வைக்கிறார்கள். நான் நடுவில் நின்றேன். "அக்கா, எந்தப் பக்கம்னு சொல்லிட்டு நில்லுங்க" என்றாள் ஒருத்தி. எந்தப் பக்கமும் இல்லடி, தண்ணிப் பக்கம் என்றேன். "அப்படி ஒரு வரிசை இல்லையே அக்கா" என்றாள். குழாய் நிற்கும் நேரம் வரை என் குடம் காலியாகவே இருந்தது. மாட்டுக்குக் கழுநீர் இல்லை, வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இல்லை.

சரி, பத்திரிகைக்கே எழுதிவிடுவோம் என்று தபாலாபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் போனேன். ஐயா, எனக்கு இந்த விஷயத்தில் ஒரு அபிப்பிராயமும் கிடையாது, இரண்டு பட்டியலிலிருந்தும் பேரை எடுக்கச் சொல்லி எழுதுங்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வெறுமனே இல்லைனு எழுதினா அச்சுல போடமாட்டாங்க அம்மா, கொஞ்சம் கம்பீரமா வைக்கணும்" என்றார். என்ன கம்பீரம் வைத்தாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது: "பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் கட்சி உதயம், நடுநிலைச் சங்கத் தலைவி பவுனம்மாள் முழக்கம்."

பழனியப்பா, நான் முழங்கவில்லை. நான் மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாட்டுக்கொட்டகை முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள். தலைவி அம்மா வாழ்க என்றான் ஒருவன். இத்தனை நாளும் இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாய் திறக்காமல் இருந்தார்களாம், இப்போது தைரியம் வந்துவிட்டதாம். வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? லெட்சுமி காப்பி கலந்து கொடுத்தாள். காப்பி குடித்து முடிவதற்குள் காரியதரிசி யார், பொருளாளர் யார், சங்கத்துக்கு ரப்பர் முத்திரை வட்டமா சதுரமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு ஒருவன் எழுந்து, "திருவிழா அன்னைக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு போடுவாங்க, நாம எதைச் சாப்பிடுறது?" என்று கேட்டான். இரண்டையும் சாப்பிடலாம், அதுதான் நடுநிலை என்றான் ஒருவன். இரண்டையும் தொடக்கூடாது, அதுதான் நடுநிலை என்றான் இன்னொருவன். ஒருவன் மற்றவனைக் கறிக்கு அலைகிறவன் என்றான். மற்றவன் இவன் தகப்பனைப் பற்றி ஏதோ சொன்னான். அரை மணி நேரத்தில் ஆறு பேர் சாணிக் குழிப் பக்கம், ஐந்து பேர் வைக்கோல் பக்கம். அபிப்பிராயமே இல்லாதவர்களின் சங்கம் இரண்டாக உடைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சிவப்புப் பசுவும் பார்த்தது. அன்றிலிருந்துதான் அது சரியாகத் தின்னவில்லை.

உன் தங்கைக்கு என் மேல் வேறு கோபம். "ஏம்மா, பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைக்கு உனக்கு அபிப்பிராயம் இருக்கு, என் மாமியா கட்டுற புடவைக் கரைக்கு அபிப்பிராயம் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையா?" என்கிறாள். உண்மைதான். எனக்கு மனிதர்களைப் பற்றி நிறைய அபிப்பிராயம் உண்டு. அய்யாவு உன் அப்பாவின் பதினாறாம் நாள் விருந்தில் என் வீட்டில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பு இல்லை என்று நாலு பேர் கேட்கச் சொன்னவன். வருஷம் இருபத்திரண்டு ஆகிறது, உப்பு இருந்தது. விருத்தாசலம் வாத்தியார், வேறு பையன் உடைத்த சிலேட்டுக்காக உன்னை வெயிலில் முட்டி போட வைத்தவர். நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. உன் முட்டியில் கல் பதிந்த இடம் வலது காலில் இரண்டு, இடது காலில் மூன்று. இப்படி இரண்டு பேர் மேலும் சமமாகக் கோபம் இருப்பவள் யார் பக்கம் போய் நிற்பாள்? ஆனால் ஆள் மேல் இருக்கும் கோபத்தை எடுத்து ஆட்டின் மேல் வைத்து, அதுதான் கொள்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வரவில்லை. உங்கள் இரண்டு கூட்டத்திலும் பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். பெயர் சொல்லச் சொன்னால் சொல்வேன்.

மாப்பிள்ளை பேசியது ஒன்று நியாயமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். "அத்தை, பெரியவங்க வாயை மூடிட்டு இருக்கறதாலதான் ஊர்ல தப்பு எல்லாம் நடக்குது" என்றார். நான் சொன்னேன், மாப்பிள்ளை, காப்பித் தோட்டத்தில் கங்காணி ஒரு பிள்ளைத்தாச்சியைப் பிரம்பால் அடித்தபோது கொட்டை காய வைக்கும் கொட்டகையில் துரை முன்னால் போய் நின்றவள் நான், எனக்கு அப்போது பதினேழு வயது, யாரும் வெற்றிலை வைத்து என்னைக் கூப்பிடவில்லை. ஒருவர் முதுகில் அடி விழும்போது அபிப்பிராயம் இல்லை என்று சொல்கிறவள் நான் இல்லை என்றேன். உடனே அவர், "ஆட்டுக்கும் முதுகு இருக்கே அத்தை" என்றார். அன்று முழுவதும் தெருவில் ஆட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். மறுநாள் அய்யாவு பெண்டாட்டி வந்து, தன் பிள்ளைக்கு விஷக்கடி பட்டபோது கிடாய் நேர்ந்துகொண்ட கதையைச் சொல்லி அழுதாள். பிள்ளை பிழைத்துவிட்டான், முனிக்குக் கொடுத்த வாக்கை எப்படி அக்கா மாத்துறது என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நெஞ்சில் ஏறிவிட்டது, இரண்டும் உள்ளே இருந்து சண்டை போடுகிறது. இப்படி இருப்பதற்குப் பெயர் என்ன என்று நீயே சொல். சாமியைக் கேட்கலாம் என்று போய் ஒரு மணி நேரம் முனிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அரிவாளைப் பிடித்துக்கொண்டு ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடப் போகிறவரே ஒன்றும் சொல்லவில்லை, பரிமாறாத எனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

இன்னொன்று சொல்கிறேன், இதை நீ மருமகளுக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். உன் சின்னம்மா இராஜம்மாவை உனக்கு நினைவிருக்காது. அம்பாங்கில் ஈயச் சுரங்கத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது இந்த ஊரில் ஒரு சண்டை வந்தது. அம்மன் கரகம் பாசார் வழியாகப் போக வேண்டுமா, ஆற்றோரமாகப் போக வேண்டுமா என்று. நான் ஒரு பக்கம், அவள் புருஷன் வீட்டார் ஒரு பக்கம். அப்போது எனக்கு இரும்பு மாதிரி அபிப்பிராயம் இருந்தது. நாலு பேர் நடுவில், அந்தப் பக்கம் நிக்கிறவ எனக்குத் தங்கச்சி இல்ல என்று சொல்லிவிட்டேன். அன்று போனவள் போனவள்தான். பத்து வருஷம் நான் போகவில்லை, அவளும் வரவில்லை. பெரிய விஷக்காய்ச்சல் வந்த வருஷம் ஆள் வந்து சொன்னபோது ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பவுனம்மாளுக்கு எல்லாம் நினைவிருக்கும் என்று ஊரே சொல்லும். கரகம் கடைசியில் எந்த வழியாகப் போனது என்று என்னைக் கேட்டுப் பார். எனக்கு நினைவில்லை. நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதுகூடச் சரியாக நினைவில்லை. அவள் அன்று கட்டியிருந்த அரக்குப் புடவையும், அதன் முந்தானையில் இருந்த கிழிசலும் நினைவிருக்கிறது.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். நீ பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலை மிதிக்கமாட்டாய். மாப்பிள்ளையும் பதிலுக்குக் கிள்ளான் மண்ணை மிதிக்கமாட்டேன் என்கிறார். சரி, இரண்டு பேரும் அவரவர் சபதத்தை வைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ரயில்பாதையில் பத்து தீகா ஸ்டேஷன் இருக்கிறது. அது யார் வீடும் இல்லை, அரசாங்கத்து மண். முந்தாநாள் நானே மூன்றாம் வகுப்பில் ஏறிப் போய்ப் பார்த்து வந்தேன். அங்கே இப்போது ஸ்டேஷன் மாஸ்டர் நம் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். கோலாலம்பூரில் வேலையாக இருந்தபோது நம் வீட்டில்தான் பால் வாங்கினார், ஒரு நாள்கூடத் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஆச்சி, மேடையிலை நெருப்பு மூட்டாமல், ரயிலை மறிக்காமல் என்னவும் செய்யுங்கோ. நான் எந்தப் பக்கம் எண்டு மட்டும் கேளாதேங்கோ, கிழமைக்கு ரெண்டு பேர் வந்து கேக்கினம்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. உத்தியோகஸ்தர் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ கிள்ளானிலிருந்து வரும் முதல் வண்டியில் ஏறி வந்து மேடையில் இருக்கும் பெஞ்சில் உட்கார். நாங்கள் இந்தப் பக்கத்து வண்டியில் வந்து இறங்குவோம். காது குத்துகிற பத்தரும் எங்களோடு வருகிறார், தங்கக் கம்பி, எலுமிச்சம் முள், சந்தனம் எல்லாம் நான் எடுத்து வருகிறேன். நீ தாய்மாமன் சீரென்று வேட்டி துண்டும் குழந்தைக்குச் சட்டையும் வாங்கி வந்தால் போதும், மூட்டை கட்டாதே. குழந்தை உன் மடியில் உட்காருவான். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பார். இரண்டு வண்டிக்கும் நடுவில் நமக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆடு என்றோ பொங்கல் என்றோ ஒருவர் வாய் திறந்தாலும் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஏறிப் போய்விடுவேன். மாப்பிள்ளையிடமும் இதையே சொன்னேன். அவர் யோசித்து, "ஸ்டேஷன்னா சரி அத்தை" என்றார். பெண் கொடுத்த நாளிலிருந்து அவர் எனக்குச் சரி என்று சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்தன்று.

ஊர்ச் சண்டை எல்லாவற்றுக்கும் எல்லாரும் அபிப்பிராயம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கவர்னரும் சட்டம் போடவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகாவது எனக்கு உரிமை வேண்டும். நீயும் அதைக் கற்றுக்கொள். உனக்கு அபிப்பிராயம் இருந்தால் இருக்கட்டும், அது உன் தலைக்குள் இருக்கட்டும், மடியைக் குழந்தைக்குக் காலியாக வைத்திரு. அடுத்தவன் நம்மைப் போல நினைக்காவிட்டாலும் அவன் நம் ஆள்தான். இது ஒன்றுதான் நான் இத்தனை வருஷத்தில் கண்டது, இதை உனக்குச் சொல்லத்தான் இரண்டு நாளாக விரல் வலிக்க எழுதினேன்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம். அவள் வயிற்றிலும் சீக்கிரம் ஒன்று தங்க வேண்டும் என்று முனிக்கு முன்னால் கேட்டிருக்கிறேன், பதிலுக்கு என்ன சமைத்து வைப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. உன் மாமனார் மாமியாருக்கு என் கும்பிடு. எல்லாரும் தலைமுறை தழைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, நூறு வயது வாழ வேண்டும்.

இப்படிக்கு, உன் நன்மையைத் தவிர வேறு எதிலும் பக்கம் சேராத தாய்,
பவுனம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். பத்தர் இன்று காலையில் வந்து, எந்தக் காதை முதலில் குத்துவது என்று கேட்டார். ஆண் பிள்ளைக்கு வலது காதுதான் முதலில், இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் மாப்பிள்ளையின் தாயார், அவர்கள் வகையில் இடது காதுதான் முதலில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இது பொறுத்துக்கொண்டு போகிற விஷயம் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டேன். "எந்தக் காதா இருந்தா என்ன அத்தை, இதுல எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்ல" என்கிறார். பெற்ற தகப்பன், வாய் கூசாமல் சொல்கிறார். இப்படி ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் இல்லாமல் இருக்கிறவரை நம்பி நான் எப்படிப் பெண் கொடுத்தேன் என்று தெரியவில்லை. வலது காது என்று நம் குவாட்டர்ஸ் வரிசையில் இதுவரை பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். நீ வலது என்று உன் கையால் எழுதி மறு தபாலில் அனுப்பு, அனுப்பிவிட்டு ரயில் ஏறு. இடது என்றாலோ, உங்கள் இஷ்டம் அம்மா என்றாலோ, கிள்ளானிலேயே இரு.